நிபந்தனை வாக்கியமும் வரலாற்றுக் காரணமும்

ஆங்கில இலக்கண நூல்கள் நிபந்தனை வாக்கியங்களைப் பொதுவாக மூவகைப்படுத்தும். ‘அவர் வந்தால் கூட்டம் நடைபெறும்’ என்பது நிகழக்கூடியதைச் சுட்டும் முதல் வகை. இன்றோ நாளையோ நிகழ வாய்ப்பரிதானதைக் கற்பித்துக் கூறும் இரண்டாம் வகையில், வினை இறந்தகால வடிவம் பெறினும் இறந்தகாலத்தைக் குறிப்பதில்லை. உண்மையினின்றும் உள்ள தொலைவையே குறிக்கின்றது. தமிழிலோ ‘வந்தால்’ என்னும் எச்சம் இவ்விரண்டுக்கும் பொதுவாக நிற்கும். ‘அவர் வந்திருந்தால் கூட்டம் நடைபெற்றிருக்கும்’ என்னும் மூன்றாம் வகை, நிகழாது போனதைப் பற்றியது. வரலாற்றாய்வில் விவாதத்துக்குரியதாயிருப்பது இதுவே.

1961 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தி, ‘வரலாறு என்றால் என்ன?’ எனும் நூலாக வெளியிட்ட விரிவுரைகளில் ஈ. எச். கார் இத்தகைய கற்பிதங்களைக் கண்டித்தார். ஸ்ரொலிப்பின் தமது நிலச் சீர்திருத்தத்தை நிறைவேற்றியிருந்தால் 1917 இன் புரட்சி நிகழ்ந்திராது என்போர், வரலாற்றை விளக்குவோரல்லர். தமக்கு உவப்பற்ற முடிவை எண்ணி ஏங்குவோர் என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வேக்கத்தின் அரசியலை அவர் இனங்கண்டமை போற்றத்தக்கதே.

ஆயின், காரணகாரியத்தை விளக்க அதே நூலில் அவர் கற்பிக்கும் உதாரணத்தை நாம் நோக்குதல் வேண்டும். சிகரட் வாங்கத் தெருவைக் கடந்த றொபின்சன், மது அருந்திய ஜோன்ஸ் பழுதான பிறேக்குடன் ஓட்டிவந்த மோட்டார் வண்டி மோதி இறக்கிறான். சிகரட் ஆசை இல்லாதிருந்தால் அவன் இறந்திருக்கமாட்டான். பிறேக் சீராயிருந்தாலும் இறந்திருக்கமாட்டான். இலக்கணத்துக்கு இரண்டும் சமம். ஆனால் பிறேக்கைச் சீராக்கினால் பிற விபத்துக்களும் குறையும். சிகரட்டைத் தடுப்பதால் அவை குறையா. பொதுமைப்படுத்தத்தக்கதே வரலாற்றுக் காரணம் என்பது காரின் முடிவு. நிபந்தனை வாக்கியத்தின் துணையின்றி இம்முடிவை எவ்வாறு நிறுவுவது?

ஒன்றைக் காரணம் எனக் கூறுகையிலேயே, அஃதின்றேல் விளைவு வேறாயிருந்திருக்கும் என்றும் கூறிவிடுகின்றோம். இதை மறுப்பின், நிகழ்ந்ததெல்லாம் நிகழ்ந்தே தீரவேண்டியது என்னும் ஊழ்க் கொள்கையே எஞ்சும், அது மாக்சியமன்று. எனவே ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லை எதிரணியினருக்கு விட்டுக்கொடுத்தல் தகாது. அதன் முன்னே எதை வைக்கின்றோம் என்பதே வினா. 1911 இல் ஸ்ரொலிப்பின் கொல்லப்படாதிருந்தால் என வினவுவது ஒரு மனிதரின் ஆயுளோடு நின்றுவிடும். குடியானவரின் நிலப்பசி தீர்ந்திருந்தால் என வினவுவதோ நிலவுடைமை உறவுகளை ஆராயத் தூண்டும். அன்று மாற்றக்கூடியதாயிருந்தது எது என்பதை ஆராயாதோர், இன்று மாற்றக்கூடியது எது என்பதை எங்ஙனம் அறிவர்?