ஷிஃப்ட் முடியாத பேய்கள்

பழைய பேய்ப்படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "பேயைக் காட்டாமல் விட்டதுதான் பயமே." பிபிசி 1971 முதல் 1978 வரை ஆண்டுக்கு ஒன்றாக, கிறிஸ்துமஸை ஒட்டி ஒளிபரப்பிய 'எ கோஸ்ட் ஸ்டோரி ஃபார் கிறிஸ்துமஸ்' வரிசையைப் புகழ்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 1973இல் வந்த 'லாஸ்ட் ஹார்ட்ஸ்' படத்தில் இரண்டு பேய்க் குழந்தைகள் நீண்ட நகங்களோடும் பிளந்த நெஞ்சோடும் முழுசாகவே வந்து நிற்கிறார்கள். பையன் சிரித்தபடி ஹர்டி-கர்டி என்ற பழைய வாத்தியத்தைச் சுற்றி வாசிக்கிறான். எதுவுமே மறைக்கப்படவில்லை. பயம் மட்டும் துளிகூடக் குறையவில்லை. அப்படியென்றால் பயம் வேறெங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்று கேட்டால், இந்த வரிசையின் நல்ல படங்களைப் பொறுத்தவரை, வேலையிலிருந்து என்று சொல்வேன். ஆமாம், உத்தியோகம், சம்பளம், பதவி உயர்வு, காவல் டூட்டி. அந்த வேலையிலிருந்துதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936) இடைக்காலச் சுவடிகளை ஆராய்ந்த அறிஞர். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவர், பிறகு ஈட்டன் பள்ளியின் தலைவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்து, தான் எழுதிய பேய்க்கதைகளை வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். 1968இல் ஜோனதன் மில்லர், பிபிசியின் 'ஆம்னிபஸ்' கலை நிகழ்ச்சிக்காக ஜேம்ஸின் 'விசில்' கதையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் பாதையில் வந்தவர் லாரன்ஸ் கோர்டன் கிளார்க். அதுவரை ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். வரிசையின் எட்டுப் படங்களில் முதல் ஏழும் அவருடையவை. ஸ்டுடியோ செட்டுகளை விட்டு வெளியே போய், நிஜமான கதீட்ரல், நிஜமான கடற்கரை, நிஜமான ரயில் பாதை என்று ஃபிலிமில் எடுத்தார். ஆவணப்படக்காரரின் கண் என்பதால், மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள், கையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு இயல்பாகவே முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும்.

முதல் படம் 'தி ஸ்டால்ஸ் ஆஃப் பார்செஸ்டர்' (1971). நார்விச் கதீட்ரலில் எடுத்தது. ராபர்ட் ஹார்டி நடித்த ஹேய்ன்ஸ் ஒரு பாதிரியார். மேலே இருக்கும் கிழவர் செத்தால்தான் இவருக்கு ஆர்ச்டீக்கன் பதவி. கிழவரோ தொண்ணூறைத் தாண்டியும் அசைவதாயில்லை. கடைசியில் மாடிப்படி விரிப்பின் கம்பி ஒன்று கழன்றுபோகிறது, கிழவர் விழுகிறார், பதவி கிடைக்கிறது. அதற்குப் பிறகு வரும் பேய், பூனை, மரச்சிற்பம் எல்லாம் பதவி உயர்வுக்கு வந்த பில் மாதிரிதான். அப்ரைசலுக்காகக் காத்திருந்த யாருக்கும் ஹேய்ன்ஸை முழுசாக வெறுக்க முடியாது. ஹார்டியும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தன் நிர்வாகத் திறமையைப் பற்றி அவர் பெருமைப்படும் இடங்களில் அந்த ஆள் உண்மையிலேயே திறமைசாலி என்று நமக்குத் தெரிகிறது. அது இன்னும் சங்கடம்.

அடுத்த ஆண்டுப் படம் 'எ வார்னிங் டு த க்யூரியஸ்'. வரிசையில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள். கதை எளிது. கிழக்கு இங்கிலாந்தின் கரையோரம் மூன்று புராதனக் கிரீடங்கள் புதைக்கப்பட்டிருந்தன; அவை அந்நியப் படையெடுப்பைத் தடுக்கும் என்பது ஐதீகம். ஒன்று உருக்கப்பட்டுவிட்டது, ஒன்று கடலோடு போனது, மிச்சம் ஒன்று. அதை ஏகர் என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது. கடைசி ஏகரான வில்லியம், காச நோயோடு போராடியபடியே அந்த இடத்தில் ராத்தங்கிக் காவல் காத்து, வாரிசில்லாமல் செத்துப்போகிறான். பாக்ஸ்டன் என்பவன் வந்து தோண்டி எடுக்கிறான். அப்புறம் அவன் பின்னால் எப்போதும் ஒரு ஆள்.

ஜேம்ஸின் மூலத்தில் பாக்ஸ்டன் ஓர் இளைஞன், ஓரளவு வசதியானவன். கிளார்க் இதை மாற்றினார். படத்தில் பீட்டர் வாகன் நடிக்கும் பாக்ஸ்டன் நடுத்தர வயது குமாஸ்தா, வேலை போனவன். தொல்லியலைத் தானாகவே படித்துக்கொண்டவன். இந்த ஒரு கண்டுபிடிப்பு கைகூடினால் பெயர் கிடைக்கும், தான் யாரோ ஒருவன் என்பது மாறும். 1972 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த டிசம்பரில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாகனின் கனத்த முகமும் பழைய கோட்டும் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூலத்துக்கு விசுவாசமாக இல்லை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் எதிர்க்கட்சி. இந்த மாற்றத்தால்தான் கதையின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. நம் ஊரில் பூதம் காத்த புதையல் என்போம். அங்கே பூதத்துக்குப் பெயர் கிடையாது, வரலாறு கிடையாது, காப்பது அதன் குணம், அவ்வளவுதான். ஏகர் அப்படியல்ல. அவன் ஒரு காவலாளி. அவன் காத்த ராஜ்ஜியம் அவனுக்கு ஒன்றும் தரவில்லை. ஷிஃப்டை ஒப்படைக்க அடுத்த ஆள் வரவில்லை. அதனால் செத்த பிறகும் டூட்டியில் இருக்கிறான். அவனுக்கு எதிரே நிற்பவன் வேலை பிடுங்கப்பட்டவன். வேலையை விட முடியாத ஒருவன், வேலை கிடைக்காத ஒருவனைத் துரத்துகிறான். பாக்ஸ்டன் கிரீடத்தைத் திருப்பிப் புதைத்த பிறகும் ஏகர் விடுவதில்லை. மூலத்தில் இது கொஞ்சம் அநியாயமாகப் படும். படத்தில் இதுவே தர்க்கம்: திருட்டு நடந்தது அவன் காவலில், திருப்பி வைத்தால் மட்டும் நடக்காததாகிவிடுமா?

படம்பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். மூலத்தில் பாக்ஸ்டன் சொல்வதுபடி அந்த உருவம் ஒருபோதும் நேர் எதிரே நிற்பதில்லை; கடைக்கண்ணில், இடத்திலோ வலத்திலோதான். எழுத்தில் இது சுலபம். கேமராவுக்குக் கடைக்கண் கிடையாதே? ஒளிப்பதிவாளர் ஜான் மெக்லாஷன், விரிந்து கிடக்கும் நார்ஃபோக் கடற்கரையில் ஏகரைத் தூரத்தில் ஒரு கரும்புள்ளியாக வைத்துவிடுகிறார். எங்கும் ஒளிய இடமில்லாத வெளி. புள்ளி அங்கேயேதான் இருக்கிறது, நாம்தான் தாமதமாகப் பார்க்கிறோம். காட்டாமல் விடுவதற்கு நேர் எதிரான உத்தி இது. காட்டிவிட்டு, கண்டுபிடிக்கும் வேலையை நம்மிடம் தள்ளிவிடுவது.

1976இல் கிளார்க் ஜேம்ஸை விட்டுவிட்டு டிக்கன்ஸிடம் போனார். 'தி சிக்னல்மேன்' 1866 கிறிஸ்துமஸ் இதழுக்காக எழுதப்பட்ட கதை. அதற்கு முந்தைய ஆண்டு, ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் டிக்கன்ஸ் மயிரிழையில் தப்பியிருந்தார். 10 பேர் செத்த விபத்து. காயம்பட்டவர்களுக்கு அவரே தண்ணீர் கொடுத்தார். தப்பியவருக்கு உடம்பிலிருந்து ரயில் பயம் போகவே இல்லை. சரியாக ஐந்து வருஷம் கழித்து அதே ஜூன் 9 அன்று இறந்தார். (இதை வைத்துப் பேய்க்கதை பண்ணாமல் இருக்க நிறையக் கட்டுப்பாடு வேண்டும்.)

ஒரு மென்பொருள்காரனாக இந்தக் கதையை என்னால் தள்ளி நின்று படிக்க முடியவில்லை. ஆழமான வெட்டுப்பாதையில், சுரங்க வாயிலருகே தனியாக ஒரு கேபின். அதில் ஒரு சிக்னல்மேன். இளமையில் அறிவியல் படித்தவன், வாய்ப்புகளை வீணடித்துக் கீழே வந்தவன். உடம்பு உழைப்பு கம்மி. கவனமாக இருப்பதுதான் மொத்த வேலையும். சுரங்க வாயிலில் ஓர் உருவம் தோன்றிக் கையை வீசி எச்சரிக்கிறது. முதல்முறை தோன்றியபோது சில மணி நேரத்தில் விபத்து. இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு பெண்ணின் மரணம். இப்போது மூன்றாவது முறை. என்ன செய்வது? அபாயம் என்று தந்தியடிக்கலாம். என்ன அபாயம், எங்கே என்று திருப்பிக் கேட்பார்கள். பதில் கிடையாது. பைத்தியம் என்று வேலையை விட்டுத் தூக்குவார்கள்.

நடுராத்திரி ஆன்-கால் பார்த்தவர்களுக்கு இது பேய்க்கதையே இல்லை. மானிட்டரிங் திரையில் ஏதோ சரியில்லை என்று தெரியும், லாக் எல்லாம் சுத்தமாக இருக்கும். நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் இப்படி எழுப்பினால் முதல் கேள்வி "ரூட் காஸ் என்ன?" என்பதுதான். காரணம் தெரிந்தால் அலாரம் எதற்கு? கதையில் பேய் மணியடிக்கும்போது கதைசொல்லி அதே மணியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், அவனுக்குக் கேட்கவில்லை. ஃபால்ஸ் பாசிட்டிவ் என்று டிக்கெட்டை மூடிவிடலாம்.

ஆண்ட்ரூ டேவிஸின் திரைக்கதையில் 40 நிமிடத்துக்கும் குறைவான படம். டென்ஹோம் எலியட் சிக்னல்மேன். பொறுப்பு இருந்து அதிகாரம் இல்லாதவனின் முகத்தை இதைவிட நன்றாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. விருந்தாளியிடம் பேசிக்கொண்டே இருக்கையில் கண் மட்டும் மணியின் பக்கம் போய்வருகிறது. லீவரைத் துடைக்கும் துணி, குறிப்பேடு, கெட்டில், எல்லாம் அதனதன் இடத்தில். அவனுடைய ஒழுங்கில் குறையே இல்லை. பயணியாக வரும் பெர்னார்ட் லாய்ட் நல்லவர், அறிவாளி, ஆறுதல் சொல்கிறார், நீங்கள் கடமையைச் சரியாகச் செய்தால் போதும் என்கிற தொனியில். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத இந்த ஆறுதல்தான் படத்தில் எனக்கு மிகவும் குளிரெடுத்த இடம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'தி ட்ரெஷர் ஆஃப் அபட் தாமஸ்' (1974) புதிர் விடுவிக்கும் பாதி சுவாரசியம், மீதி சுமார். 'தி ஆஷ் ட்ரீ' (1975) டேவிட் ரட்கின் எழுதியது. சூனியக்காரி வழக்கில் தொடர்புடையவரின் குற்றவுணர்வு அருமையாக வந்திருக்கிறது, ஆனால் குழந்தை முகச் சிலந்திகள் வந்ததும் சிரிப்பு வந்துவிடுகிறது. மூலக்கதையே இல்லாமல் சமகாலத்தில் எடுத்த 'ஸ்டிக்மா' (1977) கிளார்க்கின் கடைசி. டெரெக் லிஸ்டர் இயக்கிய 'தி ஐஸ் ஹவுஸ்' (1978) எனக்குப் பிடிபடவில்லை. அத்தோடு வரிசை நின்றது. 2005 முதல் பிபிசி அவ்வப்போது மீண்டும் தொடங்கியது. 2013 முதல் மார்க் கேடிஸ் எடுக்கிறவை நேர்த்தியானவை, ஜேம்ஸை வரிவரியாக நேசிக்கிறவரின் படங்கள். 'தி மெஸோடின்ட்' (2021) நன்றாகவே இருந்தது. ஆனால் அவற்றில் எல்லோருமே பேய்க்கதைக்குள் இருக்கிறோம் என்று தெரிந்தவர்கள்போல நடக்கிறார்கள். எலியட் அப்படியில்லை. அவருக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்பதுதான் கவலை.