மனுவும் புனைவும்: ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வில் அகதியின் கதைகூறல்

ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம் குறித்த ஆய்வுகள் பலவும் தாயக ஏக்கம், பனிக்குளிர், நிறவெறி, தலைமுறை இடைவெளி எனப் பாகுபாடு செய்து, எடுத்துக்காட்டுகளை அடுக்கி நிறைவடைகின்றன. படைப்பு எதைப் பேசுகிறது என்பதை இப்பட்டியல்கள் காட்டும்; யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைக் காட்டா. அகதிக் கலைஞனைப் பொறுத்தவரை இரண்டாவது வினாவே முதன்மையானது. புகுந்த நாட்டில் அவன் கதையை முதலில் கேட்பவர் வாசகர் அல்லர். தஞ்ச மனுவை விசாரிக்கும் அதிகாரி. அங்குக் கதை நம்பப்படாவிடின் நேர்வது நாடுகடத்தலாகவும் இருக்கலாம்.

இளமையில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து விலகி, 1993இல் பிரான்சை அடைந்தவர் ஷோபாசக்தி. 2001இல் வெளிவந்த அவரது ‘கொரில்லா’ அத்தகையதொரு மனுவுடனேயே தொடங்குகிறது. மனுதாரர் பெயர் ஆசிரியரின் இயற்பெயரை ஒட்டியது. நாள், இடம், துன்பம் என வரிசைப்படுத்தும் அலுவல் நடை அதற்குரியது. அதனைத் தொடரும் ரொக்கிராஜின் கதையோ தீவுப்பகுதிப் பேச்சுவழக்கில், எள்ளலோடு, ஊர்ச் சண்டியரான தந்தையையும் இயக்கத்தின் கொடுமையையும் ஒருசேரச் சொல்கிறது. மாசற்ற பாதிக்கப்பட்டவனையே மனு வேண்டுகிறது. ரொக்கிராஜ் அத்தகையவன் அல்லன். மனுவில் இடம்பெற இயலாத எச்சமே இங்கு நாவலாகிறது எனலாம். நாவலின் அடிக்குறிப்புகளும் இந்நோக்கில் கருதத்தக்கன. சான்று காட்டியே பேசவேண்டிய அகதியின் பழக்கம் புனைவுக்குள்ளும் அவனை விடவில்லை.

சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ் வாசகர்க்கு இச்சிக்கலின் ஒரு பகுதி புதிதன்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இவ்விரு ஊர்களும் ஆந்திரத்திலேயே நின்றன. வீட்டில் தமிழ், மனுவில் தெலுங்கு என்னும் வாழ்வு இங்கு இயல்பு. ஆயின் இங்கு மாறியது மாநில எல்லையே; குடியுரிமை ஐயத்திற்குள்ளாகவில்லை. தள்ளப்பட்ட மனுவை மறுநாளும் கொடுக்கலாம். இவ்வேறுபாட்டை விடுத்து, இருமொழிச் சூழல் அனைத்தையும் ‘புலம்பெயர்வு’ என்று விரித்துரைப்பது சொல்லின் பொருளையே நீர்க்கச் செய்யும்.

ஜாக் ஓடியார் இயக்கத்தில் ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. இறந்தோரின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு மூவர் குடும்பமாக நடித்துப் பிரான்சை அடைவதே கதை. இதன் விசாரணைக் காட்சி ‘கொரில்லா’வுக்கு மிக நெருக்கமானது. அதிகாரிக்குப் புரியாத தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் தீபனிடம், இக்கதை எடுபடாது என உணர்த்துகிறார்; அதிகாரியின் முன்னிலையிலேயே கதை திருத்தப்படுகிறது. இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டையைவிட இச்சிறு காட்சி வலியது. படத்தின் முடிவு தீபனை மீண்டும் போராளியாக்கி, புகுந்த நாட்டுப் பார்வையாளர் எதிர்பார்க்கும் உருவத்தை அவர்களிடமே அளிக்கிறது.

‘கொரில்லா’ 2008இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் வாழும் நாட்டின் மொழியில் சிறுகதைத் தொகுப்பு ‘ஃப்ரைடே எ ஃப்ரைடே’ வெளியானது 2018இல், திரைப்படத்திற்கு மூன்றாண்டுகள் கழித்தே. தமிழ் வாசகர் கதைசொல்லியாக அறிந்தவரைப் பிரெஞ்சு மக்களுள் பலர் முதலில் திரையில் ஒரு முகமாகவே கண்டனர்.