அணைக்கிற கையின் கணக்கு

டேமியன் ஷசெல் 2014இல் எடுத்த ‘விப்லாஷ்’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஃபிளெட்சர் எறிகிற நாற்காலியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த நாற்காலி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அதற்குச் சற்று முன்னால் வராந்தாவில் நடக்கும் சின்ன உரையாடல் ஒன்று இருக்கிறது. முதல் நாள் பயிற்சிக்கு வந்த ஆண்ட்ரூவிடம் ஃபிளெட்சர் அத்தனை கனிவாகப் பேசுகிறார். பதறாதே என்கிறார். அப்பா என்ன செய்கிறார், அம்மா எங்கே என்று விசாரிக்கிறார். பையனும் மனசு விட்டுச் சொல்கிறான்: அப்பா வாத்தியார், அம்மா சின்ன வயதிலேயே விட்டுப் போய்விட்டார். சற்று நேரம் கழித்து, மொத்த பேண்டுக்கும் முன்னால் அவனைக் கன்னத்தில் அறைந்து, சொன்னதையெல்லாம் எடுத்து அவன் மீதே வீசுகிறார்.

அந்த விசாரிப்பு அக்கறையா, வேவா? அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்போம். இங்கே அணைத்த கைக்குத்தான் எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிகிறது.

தைவான் குடும்ப நிறுவனங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு கோட்பாடு உண்டு. தகப்பன்தனமான தலைமைக்கு மூன்று கால்கள் என்று ஃபார், செங் என்ற ஆய்வாளர்கள் 2000இல் எழுதினார்கள்: அதிகாரம், பரிவு, ஒழுக்கம். ஃபிளெட்சரிடம் முதல் கால் மட்டும் யானைக்கால். மூன்றாவது உடைகிற இடம் படத்திலேயே நுட்பமானது. பழைய மாணவன் ஷான் கேசி கார் விபத்தில் செத்துவிட்டதாக பேண்டிடம் சொல்லி, அவன் வாசித்ததைப் போட்டுக் காட்டி அழுகிறார். அவன் தூக்குப் போட்டுக்கொண்டான் என்பது நமக்குப் பின்னால்தான் தெரிகிறது. அழுகை நடிப்பு என்று நான் நம்பவில்லை. மகனைப் பறிகொடுத்தவர் மாதிரியே அழுகிறார். காரணத்தை மட்டும் மாற்றிவிடுகிறார். வீட்டுப் பெரியவர்கள் சாவு வீட்டில் செய்வதுதானே இது.

கேட்டால் சார்லி பார்க்கர் கதையைச் சொல்வார். ஜோ ஜோன்ஸ் எறிந்த சிம்பல் கிட்டத்தட்ட தலையைச் சீவியது, அந்த அவமானத்தில்தான் மேதை பிறந்தான் என்று. ஜாஸ் வரலாறு சொல்லும் கதை வேறு. கான்சாஸ் சிட்டியில் ஜோன்ஸ் சிம்பலைத் தரையில், பார்க்கரின் காலடியில் போட்டார், சபை சிரித்தது. பார்க்கரை உருவாக்கியது அதற்கப்புறம் மலைப்பக்கம் ஒதுங்கி, லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளோடு உட்கார்ந்து செய்த பயிற்சி. அங்கே யாரும் எதையும் எறியவில்லை. தனக்கு ஒரு பார்க்கர் கிடைக்கவே இல்லை என்று ஃபிளெட்சரே ஒத்துக்கொள்கிறார். ஒரு தடவைகூட பாஸாகாத டெஸ்ட்டை வைத்துக்கொண்டு டிசைன் சரி என்று சாதிக்கிற ஆட்களை எங்கள் தொழிலிலும் பார்க்கலாம்.

எல்லாத் தகப்பன் தலைவர்களையும் இவரோடு சேர்த்துக் கட்ட முடியாது. அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 முதல் 2013 வரை இருந்து 13 லீக் பட்டங்கள் எடுத்தவர். வெளியே தன் பையன்களை விட்டுக்கொடுக்காமல் பேசுவார், உள்ளே கிழிப்பார். 2003 பிப்ரவரியில் அவர் உதைத்த பூட்ஸ் பெக்காமின் புருவத்தைக் கிழித்தது. அந்தக் கோடையிலேயே பெக்காம் ரியல் மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார். ஆனாலும் இன்றுவரை ஃபெர்குசனைத் தகப்பன் மாதிரி என்றே சொல்கிறார். ஜெயித்த வீட்டில் தழும்புக்கும் பாசம் என்று பெயர் வந்துவிடுகிறது.

தொழிலில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன், 1880இல் சிகாகோ அருகே தொழிலாளர்களுக்கென்று ஒரு ஊரே கட்ட ஆரம்பித்தார். நல்ல வீடு, நூலகம், தியேட்டர் எல்லாம் உண்டு. ஊருக்குத் தன் பெயர், ஹோட்டலுக்கு மகள் பெயர். 1893 நெருக்கடியில் கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் வெடித்தது, ராணுவம் வந்தது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் “நாமெல்லாம் ஒரே ஃபேமிலிப்பா” என்பார் மேலாளர். சம்பள உயர்வு கேட்டுப் போகிற அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் புரியும். அப்பாகிட்ட யாராவது கணக்குக் கேப்பாங்களா?

‘விப்லாஷ்’ கணக்குக் கேட்கிறது, அதுவும் நிஜ அப்பா மூலமாக. மகனோடு சினிமாவுக்குப் போகிற, பெரிதாக எதையும் சாதிக்காத ஜிம்தான் வக்கீலிடம் அவனை உட்கார வைக்கிறார். ஆண்ட்ரூ முதலில் ஃபிளெட்சரைக் காப்பாற்றத்தான் பார்க்கிறான். அடிபட்ட பிள்ளை பக்கத்து வீட்டில் சொல்லாத மாதிரி. படத்தின் நேர்மை அங்கே இருக்கிறது. அதன் கோளாறு கடைசிப் பத்து நிமிடத்தில். அந்த டிரம்ஸ் வாசிப்பு அவ்வளவு பிரமாதமாக இருப்பதால் ஃபிளெட்சர் சொன்னது சரிதானோ என்று நம் உடம்பே தாளம் போட்டு ஒத்துக்கொள்கிறது. ஷசெல் ஒரு கணம் கேமராவைக் கதவிடுக்குக்குக் கொண்டுபோகிறார். அங்கே நின்று ஜிம் பார்த்துக்கொண்டிருக்கிறார். சற்று முன்னால் அழவிருந்த மகனைக் கட்டிக்கொண்டவர் அவர். மகன் திரும்பவில்லை. அவன் ஃபிளெட்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.