வாடிக்கையும் முன்பணமும்

எளாவூர்ப் பக்கம் பழவேற்காடு ஏரி மீன் வாங்குகிறவர்கள், செவுளைப் புரட்டுவதற்கு முன் கூடைக்காரம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். “மடவை வேணாம்மா, நேத்து ஐஸ்ல வெச்சது. இறால் எடுத்துக்கோ” என்று அவரே சொல்லிவிடுவார். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா கிடைத்தால் எடுத்துவைப்பார். காசு சம்பள நாளில் வந்தால் போதும். அன்றைய விற்பனையில் கொஞ்சம் விட்டு, வருஷம் முழுக்க அந்த வீட்டைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிற வியாபாரம் இது.

யாழ்ப்பாணத்தில் மீனோடு வீடு தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, படலையடியில் (வீட்டு வாசல் கதவருகே) நின்று, “அக்கா, ஓரா இருக்கு, சூடை இண்டைக்குச் சரியில்லை” என்பார்கள். ஒரே காலையில் பல ஊர் சுற்ற முடிவது அவர்கள் பலம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அதுவே பலவீனமானது. கூடைக்காரம்மாவைப் போலத் தலைச்சுமையோடு பஸ் ஏறுகிறவருக்குச் சொந்த வண்டிக்குப் பெட்ரோல் தேடும் கவலை இல்லை.

இந்த உறவின் மதிப்பு அச்சம் வரும்போதுதான் தெரிகிறது. 2018-இல், மீனில் ஃபார்மலின் ரசாயனம் கலந்திருக்கிறது என்ற பீதி சென்னையைப் பிடித்தது. 2020 அக்டோபரில் கொழும்பையடுத்த பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவியதும் இலங்கையில் மீன் விற்பனை படுத்துவிட்டது. பயத்தைப் போக்க, மீன்பிடித்துறை முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி நிருபர்கள் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அதைவிட, இந்த மீன் எந்தக் கரையில் ஏறியது என்று படலையடியில் ஒருவர் சொல்லும் பதிலுக்கு வலு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். பொய் சொன்னால் நாளைக்கு அதே படலைக்கு அவர் வர முடியாது.

ஏரியில் வலை போடுகிறவருக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையிலான உறவு வேறு வகை. வலைக்கும் படகுக்கும் முன்பணம் வாங்கியவர் இறாலையும் நண்டையும் அவரிடமே போட வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இந்த வழக்கம் உண்டு. இதையும் நல்லுறவு என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விலகிப்போக வழியில்லாதவரை வாடிக்கையாளர் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு மாற்று வழி உண்டு. இலங்கையின் வடக்கில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் வேரூன்றியவை. இந்தியாவில் 1980-இல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு, கன்னியாகுமரிக் கரையிலும் சங்கங்கள் வழியாகவே மீனை ஏலம் விட வைத்தது. கடனைச் சங்கம் தரும். விலையைப் பல வியாபாரிகள் போட்டியிட்டுக் கேட்பார்கள். பழவேற்காட்டு ஏரிக் கிராமங்களில் முன்பணத்தில் கட்டுண்டவர்களுக்கும் அந்த வழி திறக்க வேண்டும்.