இலவசக் கல்வியும் கைத்தொலைபேசியும்

1945ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, வகுப்பறையைப் பொதுவுடைமையாக்கிற்று. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அவ்வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்து மீண்டும் தனியுடைமையாயிற்று. பாடத்துக்குக் கட்டணமில்லை, ஆயின் கருவியையும் டேட்டாவையும் பெற்றோரே விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது.

இம்மாற்றத்தின் வர்க்கப் பண்பு, செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதிவழியே கரடியனாற்றுப் பக்கம் செல்வோர்க்குத் தெற்றெனப் புலப்படும். வயலில் நாட்கூலிக்கு உழைக்கும் குடும்பத்தில் தொலைபேசி ஒன்றே உண்டெனின், அது தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் அது வீடு திரும்பும்போது, மூன்று பிள்ளைகளுள் எவர் படிப்பது? வாட்ஸ்அப்பில் வந்த பாடக்குறிப்பும், வினாவும் விடையுமாக நிகழும் கற்பித்தலுக்கு ஈடாகவில்லை. மாணவன் வெறுமனே படியெடுப்பவனானான்.

ஆசிரியர் நிலையும் இதனின்றும் வேறுபட்டதன்று. தம் சொந்தச் செலவிலேயே பலர் கற்பித்தனர். 2021 யூலையில், சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகியமை இப்பின்னணியில் நோக்கற்பாலது.

இயந்திரத்தைப் பழித்தல் பிற்போக்கான செயலாகும். பாடநூலை அரசு இலவசமாக வழங்குவதற்குக் கூறப்படும் நியாயம் யாதோ, அதுவே கற்றற்கருவிக்கும் பொருந்தும். அந்நியாயத்தை ஏற்க மறுப்பின், இலவசக் கல்வி என்பது வெறுஞ் சொல்லாகவே எஞ்சும்.