லுங்கியைக் காணோம்!

ஆம்பூரில் தோல் வாசனை. அங்கே ரயில் ஏறினால் சற்று நேரத்தில் குடியாத்தம். கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஊர்.

கமலாதேவி சட்டோபாத்யாய் 1964-ல் இந்தியக் கைவினைக் கவுன்சிலைத் தொடங்கினார். அதன் பின் கைவினைக் கண்காட்சிகளுக்குக் குறைவில்லை. நான் பார்த்தவற்றிலெல்லாம் காஞ்சிப் பட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி, லுங்கியைக் காணோம். கேட்டால், "அதில் என்ன கலை இருக்கிறது?" என்கிறார்கள்.

கட்டம் பிசகாமல் விழ வேண்டுமானால் பாவிலும் ஊடையிலும் இழை எண்ணிச் சாயநூல் சேர்க்க வேண்டும். துணியைத் தடவிப் பார்த்தால் இது தெரியாது. குழித்தறியில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும்.

கண்காட்சி நடத்துகிறவர்களே, கூடத்தில் ஒரு தறியைப் போடுங்கள். நெசவாளியை ஆசானாக அமர்த்தி, அன்றைய கூலியையும் கொடுங்கள். தறியை ஒருமுறை மிதித்துப் பார்த்தவருக்கு அப்புறம் பேரம் பேச வாய் வராது.