பெயர் எழுதிய அகராதி

அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிக்குள் ரோட்டரி சங்கத்தார் அட்டைப்பெட்டிகளோடு நுழைந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்: ஆளுக்கொரு அகராதி! இரவல் அல்ல, சொந்தம்.

உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் நான்கு கேள்விகள் இருக்கும். உண்மையா, நியாயமா என்று தொடங்கும் அவற்றை ரோட்டரிக்காரரான ஹெர்பர்ட் டெய்லர் 1932 வாக்கில் எழுதினார். பிள்ளைகள் அங்கே நிற்பதில்லை, பாவம் சங்கத்தார். பெயரை எழுதியதும் பின்பக்கங்களுக்குத் தாவுகிறார்கள். 1,909 எழுத்துள்ள ஆங்கிலச் சொல் அங்கேதான் வரிவரியாக நீள்கிறது. விரலை வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கிறார்கள், மூச்சு முட்டுகிறது, சிரிப்பு வருகிறது.

சில ஊர்களில் சீட்டு ஒட்டுவது ரோட்டரியின் இளையோர் சங்கமான இன்டராக்டின் மாணவர்கள். அந்தச் சங்கத்தின் கூட்டம், கணக்கு, தலைமை எல்லாம் அவர்கள் கையில். 1962இல் ஃபுளோரிடாவின் மெல்போர்னில் 23 மாணவர்களோடு தொடங்கிய அந்த இளையோர் சங்கம், கடல் தாண்டி இரண்டாவதாக முளைத்த ஊர் நம் தஞ்சாவூர்.